அச்சு மூட்டும் அதன் உறையும்

தேருக்கு அச்சாணி எத்தகையது என்பதைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிவர். மாட்டு வண்டியின் கடையாணி சிறியது. ஆயின் அது கழன்றால் சில்லுக் கழலும். சில்லுக் கழன்றால் வண்டியும் பாரமும் ஒருங்கே வீழும். மாட்டு வண்டி போய் மோட்டார் வண்டி வந்த பின்னரும் இவ்வியல்பு மாறவில்லை. கடையாணியின் நிலையிலே நிற்கும் சிற்றுறுப்புகள் இன்றைய வண்டிகளிலும் பல உள. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை கூறப் புகுகின்றது. அஃது உருக்கினால் ஆயதன்று, இறப்பரினால் ஆயது. இரு கைகளுக்குள் அடங்குவது, விலையும் பெரிதன்று. ஆயினும் அது கிழிந்ததைக் காணாது விட்டவர், சில மாதங்களுள் அதனிலும் பன்மடங்கு விலையுள்ள உறுப்பொன்றை வாங்க நேரிடும்.

கராஜிலே இதனைப் 'பூட்' என்பர். ஆங்கிலத்திலே சப்பாத்தைக் குறிக்கும் சொல் அது. சப்பாத்துக் காலைக் காப்பது போல இது மூட்டைக் காக்கின்றது. தமிழ்ச் செவிக்கு அது 'பூட்டு' என ஒலித்தலும் பொருத்தமே. உள்ளிருக்கும் கிறீசைப் பூட்டி வைத்தலன்றோ அதன் தொழில்! இங்கு நாம் அதனை 'மூட்டுறை' என வழங்குவோம்.

மூட்டு ஏன் வேண்டும்?

உறையின் அருமையை உணர வேண்டின், அது காக்கும் மூட்டினை முதலில் அறிதல் வேண்டும்.

பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலாய கார்களிலே இயந்திரம் முன்னே இருக்கும். அதன் வலு நீண்ட தண்டொன்றினால் பின்னச்சுக்குச் சென்று, பின் சில்லுகளைச் சுழற்றும். பின் சில்லுகள் இடமும் வலமும் திரும்புவனவல்ல. முன் சில்லுகளோ திரும்புவன. ஆயின் அவற்றை இயந்திரம் சுழற்றுவதில்லை. சுழற்றுதல் ஒரு சோடிக்கும் திருப்புதல் மற்றொரு சோடிக்கும் எனத் தொழில்கள் பிரிந்திருந்தன.

முன் சில்லுகளையே இயந்திரம் இயக்கும் வண்டியிலே இவ்விரு தொழிலும் ஒரே சில்லின் மேல் விழுகின்றன. அச்சில்லுச் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், பள்ளங் கண்டவிடத்து இறங்கவும், மேடு கண்டவிடத்து ஏறவும் வேண்டும். ஆகவே அதனைச் சுழற்றும் அச்சு, சுழன்றுகொண்டே வளையத்தக்கதாயிருத்தல் இன்றியமையாதது. நேரான இரும்புத் தண்டு வளையாதாகலின், அதன் இரு முனைகளிலும் மூட்டு அமைத்தனர்.

சுழலும் தண்டுக்கு மூட்டமைக்கும் கலை புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஹூக் என்பார் சிலுவை வடிவான துண்டொன்றை நடுவே வைத்து இரு தண்டுகளை இணைக்கும் முறையை விளக்கினார். ஒஸ்ரின் காரின் நீண்ட தண்டிலே இருப்பது அவ்வகை மூட்டே. அம்மூட்டுக்கு ஒரு குறையுண்டு. ஒரு பக்கத் தண்டு ஒரே வேகத்திற் சுழன்றாலும், வளைந்த நிலையிலே மறுபக்கத் தண்டு அவ்வாறு சுழலாது. ஒரு சுற்றுக்குள் இருமுறை விரைந்தும் இருமுறை தாழ்ந்தும் அது செல்லும். வளைவு 30 பாகையாயின், விரைவு ஏறத்தாழ நூற்றுக்குப் 15 கூடியும் 13 குறைந்தும் மாறும். சிறு வளைவிலே இதனால் இடரில்லை. பெருவளைவிலே திரும்பும் முன் சில்லுக்கோ இஃது ஒவ்வாது, வண்டி நடுங்கும், ஸ்ரியறிங்கைப் பிடித்த கையும் நடுங்கும்.

இக்குறையைத் தீர்த்த மூட்டுகளுள் புகழ்பெற்ற ஒன்றை 1926 ஆம் ஆண்டிலே போர்ட் நிறுவனத்தின் பொறியியலாளரான அல்பிரட் றெப்பா ஆக்கினார். கிண்ணம் போன்ற வெளிக்கூடு ஒன்று. அதனுள் உருண்டையான உட்கரு ஒன்று. இரண்டிலும் எதிரெதிராக வெட்டிய ஆறு வாய்க்கால்கள். அவ்வாய்க்கால்களிலே ஆறு உருக்குக் குண்டுகள். குண்டுகளை நிரை பிசகாது பிடிக்கும் வளையக்கூடு ஒன்று. இவையே அதன் உறுப்புகள். மூட்டு எவ்வளவு வளையினும், இவ்வாறு குண்டுகளும் வளைவின் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும். நடுவு நிலை பிறழாத நீதிமானைப் போல அவை நிற்றலால், இரு பக்கத்துத் தண்டுகளும் எக்கணமும் ஒரே வேகத்திற் சுழல்கின்றன. ஆகவே இதனை 'மாறா வேக மூட்டு' எனலாம். கராஜிலே வழங்கும் 'சி. வி. ஜொயின்ற்' என்பது இதுவே.

இது சில்லின் பக்கத்து மூட்டு. கியர்ப் பெட்டியின் பக்கத்து மூட்டுக்கு வேறொரு கடமையுமுண்டு. சில்லு மேலுங் கீழும் அசையும்போது அச்சின் நீளமும் சிறிது கூடிக் குறைய வேண்டும். அதன் பொருட்டு உள் மூட்டு, வளைவதோடு நீண்டு சுருங்கவும் வல்லதாய் அமைந்தது. பல வண்டிகளிலே அது மூன்று கால்களும் அவற்றின் மேல் மூன்று உருளைகளும் உடையது. இவ்வாறு பக்கத்துக்கு இரண்டாக நான்கு மூட்டுகள்; நான்கு மூட்டுக்கும் நான்கு உறைகள்.

எவ்வண்டிகளிலே உண்டு?

எல்லா வானிலும் இவ்வுறை உண்டென்று எண்ணுதல் தவறு. இலங்கையிலே 'டொல்பின்' எனப் பெயர் பெற்ற ரொயோற்றா ஹைஏஸ் வான் பெரும்பாலும் பின் சில்லினால் இயங்குவது; அதன் பின்னச்சு ஒரே கூட்டினுள் அடங்கியது. அங்கு இம்மூட்டும் இல்லை, உறையும் இல்லை. நான்கு சில்லும் இயங்கும் வகையாயின் முன் பக்கத்திலே இவை உண்டு. நிசான் ஏ. டி. என்னும் சிறிய சரக்கு வான் முன் சில்லினால் இயங்குவது. ஆதலின் நான்கு உறைகளும் அதற்குண்டு. பழைய மினி வான் இவ்வினத்தின் முன்னோடிகளுள் ஒன்று. அலெக் இசிகோனிஸ் வகுத்த மினி கார் 1959 ஆம் ஆண்டிலும் அதன் வான் 1960 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. றெப்பா கண்ட மூட்டினைச் சிறிய, மலிவான வண்டிக்கு உரியதாக்கிய பெருமை மினிக்குப் பெரிதும் உரியது. வொல்க்ஸ்வாகன் கொம்பி வானின் இயந்திரமும் இயங்கும் சில்லும் பின்னே உள்ளவை. ஆயினும் 1967 ஆம் ஆண்டிலே வெளிவந்த அதன் இரண்டாம் தலைமுறை முதல், பின் அச்சு ஒவ்வொன்றின் இரு முனையிலும் மூட்டு அமைந்தமையால், அதற்கும் நான்கு மூட்டும் நான்கு உறையும் உண்டு.

உறையின் தொழில்

நம் முழங்கால் மூட்டினை நோக்குக. எலும்பும் எலும்பும் சந்திக்கும் அவ்விடத்தைச் சவ்வுப் பை ஒன்று சூழ்ந்துள்ளது. அதனுள்ளே வழுவழுப்பான நீர் சிறிது இருக்கின்றது. பை கிழிந்தால் நீர் வெளியேறும்; அழுக்கு உட்புகும்; மூட்டுப் பழுதுறும். வண்டியின் மூட்டும் அத்தகையதே. கொல்லனது துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாய் அமைந்த இறப்பர்க் கூம்பு ஒன்று அதனைச் சூழ்ந்திருக்கும். அதன் பெரிய வாய் மூட்டின் கிண்ணத்தையும், சிறிய வாய் அச்சுத் தண்டையும் கவ்வி நிற்கும். இரு வாயையும் உலோகப் பட்டிகள் இறுக்கியிருக்கும். உள்ளே மொலிப்டினம் இருசல்பைட்டுக் கலந்த கரிய கிறீஸ் நிறைந்திருக்கும். குண்டுகள் வாய்க்காலிலே உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றமையால், சாதாரண கிறீஸ் அங்கு நெடுநாள் தாங்காது.

இவ்வுறை படும் பாட்டைக் கணக்கிட்டுப் பார்க்க. சிறிய வான் ஒன்றின் சில்லு ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 1.8 மீற்றர் தூரம் செல்லும். ஆகவே ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 550 சுற்று. மூட்டு வளைந்திருக்கும் போது, ஒவ்வொரு சுற்றிலும் உறையின் ஒவ்வொரு மடிப்பும் ஒருமுறை விரிந்து ஒருமுறை சுருங்கும். பத்துக் கிலோமீற்றர் சென்று திரும்பிய வண்டியின் உறை பதினோராயிரம் முறை சுழன்று வந்திருக்கும். மடிப்பின் பள்ளத்திலே முதலில் மயிர் போன்ற வெடிப்புத் தோன்றும். பின்னர் அது வளர்ந்து வாய் பிளக்கும்.

கோப்பாய்ப் பகுதியிலே வண்டி ஓட்டுவோர்க்கு வேறு காரணங்களும் உள. பருத்தித்துறை வீதி நேரானது. ஆயின் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் செல்லும் ஒழுங்கைகள் ஒடுங்கியவை. முடக்குகளிலே ஸ்ரியறிங்கை அந்தம் வரை திருப்பியே வண்டியை எடுத்தல் வேண்டும். மூட்டு மிக வளைவதும் உறை மிக வருந்துவதும் அப்பொழுதே. வேலியோரத்து முட்கம்பியும் சுண்ணக் கற்களும் உறையைக் கீறக் கூடும். கிழிந்த பின்னரோ, செம்மண்ணின் நுண்ணிய தூசி கோடையிலே உட்புகும். மாரியிலே சேற்று நீர் உட்புகும். கைதடிக்குச் செல்லும் பாதை கடனீரேரியைக் கடந்து செல்வது. அங்கு உப்புக் காற்றும் கூடும். கிறீசோடு மணலும் நீரும் கலந்தால், அஃது உராய்வைத் தணிக்கும் பொருளாக நில்லாது, உருக்கை அரைக்கும் பசையாகும். சாணைக்கல்லிலே பிடித்தாற் போலக் குண்டுகளும் வாய்க்கால்களும் தேயும்.

இனி இறப்பரைப் பற்றியும் ஒரு சொல். 1876 ஆம் ஆண்டிலே இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டன. இலங்கையின் இறப்பர்ச் செல்வம் அங்கிருந்து பெருகியது. ஆயினும் மரத்துப் பாலிலிருந்து வரும் இறப்பர் இவ்வுறைக்கு ஏற்றதன்று. எண்ணெயும் கிறீசும் பட்டால் அஃது ஊதிப் பருத்து வலுவிழக்கும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதனை வெடிக்கச் செய்யும். ஆதலின் நியோபிறீன் எனப்படும் செயற்கை இறப்பரால் இவ்வுறைகளைச் செய்தனர். பிற்காலத்து வண்டிகளிலே இறப்பரின் நெகிழ்வும் பிளாஸ்ரிக்கின் உறுதியும் சேர்ந்த பொருள்களும் வழங்குகின்றன. கிழிந்த உறையின் மேல் சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கட்டும் வழக்கம் ஏன் பயனற்றது என்பதற்கு விடை இதிலேயே உண்டு. ரியூப் இறப்பர் கிறீசிலே ஊறிப் பருக்கும். துருத்தி மடிப்பு இன்மையால் அது முறுகிக் கழலும்.

பழைய பழக்கமும் புதிய மூட்டும்

யாழ்ப்பாணத்தவர் பழைய வண்டியைப் பேணுவதிலே கைதேர்ந்தவர். 1990 ஆம் ஆண்டிலே மீண்டும் போர் மூண்ட பின், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. அக்காலத்திலே சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயிலே ஒஸ்ரினையும் மொறிசையும் ஓட்டிய திறமை பலரும் அறிந்ததே. அவ்வண்டிகளைக் காத்த பழக்கங்களுள் ஒன்று, தண்டின் மூட்டிலே இருக்கும் சிறு முலைபோன்ற வாயின் வழியாகக் காலந்தோறும் கிறீஸ் ஏற்றுதல். பழைய கிறீஸ் வெளியே பிதுங்க, புதிய கிறீஸ் உட்செல்லும். நாள் தவறாது கிறீஸ் ஏற்றியவனே நல்ல சாரதி.

மாறா வேக மூட்டிலே அவ்வாய் இல்லை. உற்பத்தியிலே இட்ட கிறீஸ் உறை உள்ளவரைக்கும் போதும் என்பதே அதன் அமைப்பு. இவ்விடத்திலேதான் பழைய பழக்கம் நமக்கு உதவாது போகின்றது. 'கிறீஸ் ஏற்ற இடமில்லை. ஆகவே பார்க்க வேண்டியதும் இல்லை' என எண்ணிவிடுகின்றோம். உண்மை இதற்கு மாறானது. பழைய மூட்டு நம் கையின் உழைப்பைக் கேட்டது. புதிய மூட்டு நம் கண்ணின் விழிப்பை மட்டுமே கேட்கின்றது. அதனையும் கொடாது விட்டால் அது மாய்கின்றது.

அறிகுறிகள்

உறை கிழிந்தவுடன் வண்டியிலே ஓசை ஏதும் எழாது. முதல் அறிகுறி கண்ணுக்கே தோன்றும். சில்லுச் சுழலும் வேகத்திலே கிறீஸ் வெளியே எறியப்பட்டு, சில்லின் உட்புறத்திலும் அதனை அடுத்த உறுப்புகளிலும் கரிய கோடாகப் படியும். அந்நிலையிலே கண்டால் உறையை மட்டும் மாற்றினால் அமையும்.

இரண்டாவது அறிகுறி செவிக்கு உரியது. ஸ்ரியறிங்கை முற்றத் திருப்பி, மெல்ல வண்டியை எடுக்கும்போது 'டக், டக், டக்' என ஓசை எழும். வேகம் கூடினால் ஓசையும் நெருங்கும். இது தேய்ந்த வாய்க்காலிலே குண்டுகள் தடுக்கி விழும் ஓசை. அதன் பின் உறையை மட்டும் மாற்றுதல், நெல்லைக் கறையான் தின்ற பின் கோற்காலியைப் பழுது பார்த்தலை ஒக்கும். மூட்டையோ அச்சு முழுவதையுமோ மாற்றியே ஆக வேண்டும்.

மூன்றாவது நிலை முறிவு. ஒரு பக்கத்து மூட்டு முறிந்தால் இயந்திரத்தின் வலு முழுதும் முறிந்த பக்கத்திலே வீணே சுழலும், வண்டி நின்றுவிடும். அதனோடு மற்றொரு ஆபத்தும் உண்டு. நிறுத்திய வண்டியைக் கியரிலே விட்டாலும், தானியங்கிக் கியர் உள்ள வண்டியை நிறுத்தற் கியரிலே விட்டாலும், முறிந்த அச்சு சில்லைப் பிடித்து நிறுத்தாது. கைப் பிறேக் ஒன்றே துணை.

மாற்றும் முறை

இவ்வேலை பயின்ற மெக்கானிக் ஒருவர்க்கு அரை நாளுக்குட்பட்டது. தாமே செய்வோரும், செய்விப்போரும் அதன் ஒழுங்கை அறிந்திருத்தல் நன்று. அறிந்தவர் முன்னிலையிலே வேலை செம்மையாய் நடக்கும். வண்டிக்கு வண்டி வேறுபாடு உண்டாகலின் அவ்வவ் வண்டியின் கைந்நூலே முடிவான சான்று. பொதுவான முறை வருமாறு.

முதலாவது, காப்பு. சமதரையிலே வண்டியை நிறுத்தி, கைப் பிறேக்கை இழுத்து, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க. அச்சின் நுனியிலுள்ள பெரிய நட்டைச் சில்லு நிலத்திலே நிற்கும்போதே தளர்த்துக. தூக்கிய பின் தளர்த்த முயன்றால் வண்டி தாங்கியிலிருந்து சரியக் கூடும். பின்னர் ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கியின் மேல் இருத்துக. ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே கையையோ தலையையோ நீட்டுதல் உயிரோடு விளையாடுதலாகும்.

இரண்டாவது, அச்சை விடுவித்தல். சில்லைக் கழற்றியபின், சில்லைத் தாங்கும் வார்ப்புறுப்பைக் கீழ்க் கையினின்றோ மேலுள்ள தாங்குதண்டினின்றோ பிரிக்க. மேலே பிரிப்பதாயின் திருகாணிகள் இருந்த நிலையை முதலில் குறியிடுக. இன்றேல் சில்லின் சாய்வு மாறி ரயர் ஒரு பக்கம் தேயும். பிறேக் குழாயிலே பாரம் தொங்க விடலாகாது. அச்சின் நுனி இறுகியிருப்பின் சுத்தியலால் நேரே அடியாது, நட்டை நுனி மட்டத்துக்குத் திருகி வைத்து, மரக்கட்டை கொடுத்துத் தட்டுக, புரி கெடாது. உள் முனையைக் கியர்ப் பெட்டியினின்று நெம்பி எடுக்கும்போது கியர் எண்ணெய் ஒழுகும். தட்டொன்று வைத்து ஏந்துக. எண்ணெய் காக்கும் சீலின் உதட்டிலே நெம்புகோல் படாதிருத்தல் வேண்டும். கொம்பி வானிலே அச்சின் இரு முனையும் திருகாணிகளால் இணைக்கப்பட்டிருத்தலின் அங்கு வேலை எளிது.

மூன்றாவது, பிரித்தல். அச்சைத் துணி சுற்றி வைஸிலே பிடித்து, பழைய பட்டிகளையும் உறையையும் வெட்டி நீக்குக. கிறீஸைச் சிறிது எடுத்து விரலிடையே தேய்த்துப் பார்க்க. மணல் தட்டுப்பட்டால் மூட்டினை முற்றக் கழுவி ஆராய்தல் கட்டாயம். பல வண்டிகளிலே வெளி மூட்டினை உட்புறமுள்ள சிறு பூட்டு வளையம் ஒன்று பிடித்திருக்கும். பித்தளைத் துண்டை உட்கருவின் மேல் வைத்துத் தட்டினால் மூட்டுக் கழன்று வரும். சில வண்டிகளிலே வெளி மூட்டு அச்சினின்று பிரியாது. அங்கு உள் மூட்டைக் கழற்றி, அவ்வழியாகவே உறையை ஏற்றுதல் வேண்டும். மூன்று கால் மூட்டினைக் கழற்றுமுன், தண்டிலும் மூட்டிலும் கூட்டிலும் வர்ணத்தால் அடையாளமிட்டு, பழைய நிலையிலேயே திரும்பப் பூட்டுக.

நான்காவது, கழுவுதலும் ஆராய்தலும். மண்ணெண்ணெயிலே கழுவி, பின் நன்றாக உலர்த்துக. எஞ்சிய மண்ணெண்ணெய் புதிய கிறீஸை நீராக்கிவிடும். உட்கருவை ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து ஆறு குண்டுகளையும் தனித்தனியே பார்க்க. குண்டிலே குழியோ, வாய்க்காலிலே விரல்நகம் தடுக்கும் படியோ, வளையக்கூட்டிலே வெடிப்போ இருந்தால் அம்மூட்டுக்குப் புதிய உறை அணிவித்துப் பயனில்லை. பளபளப்பான தேய்வுத் தடம் மட்டும் இருந்தால் குற்றமில்லை.

ஐந்தாவது, புதிய உறை. தண்டின் பல்வெட்டு உறையின் வாயைக் கிழிக்காதவாறு அதன் மேல் ஒட்டுநாடா சுற்றுக. சிறிய பட்டியை முதலிலும் உறையை அடுத்தும் ஏற்றுக. இவ்வொழுங்கு மறந்தால் முழுவதையும் மீளக் கழற்ற நேரும். உறையோடு பொதியிலே வரும் கிறீஸ் அளவிட்டு வைக்கப்பட்டது. அதிற் பெரும்பகுதியைக் குண்டுகளுக்கிடையே அழுத்திச் செலுத்தி, எஞ்சியதை உறையினுள் இடுக. சில்லுப் பெயரிங்குக்கு இடும் கிறீஸ் இங்கு உதவாது. பூட்டு வளையத்தைப் புதிதாகவே இடுக. மூட்டைத் தட்டி ஏற்றிய பின், வளையம் விழுந்ததா என்பதை இழுத்துப் பார்த்து உறுதி செய்க.

ஆறாவது, பட்டி இறுக்குதல். கிழியாத உறையும் பட்டி நழுவினால் கிறீஸை இழக்கும். உறையின் வாய் தண்டிலுள்ள பள்ளத்திலே சரியாக அமர்ந்ததா எனக் காண்க. உறை இருக்க வேண்டிய நீளத்திலே மூட்டை நிறுத்தி, மழுங்கிய கருவியொன்றால் சிறிய வாயைச் சற்றே தூக்கி, உள்ளே சிறைப்பட்ட காற்றை வெளியேற்றுக. காற்று மிகுந்தால் உறை ஊதும். குறைந்தால் மடிப்பு உள்வாங்கிக் குண்டிலே உராயும். உறை முறுகாதிருக்கப் பட்டிகளை இறுக்குக. சாதாரண கம்பியால் கட்டினால் அஃது ஓரிடத்திலே வெட்டி மற்றோரிடத்திலே தளரும்.

ஏழாவது, மீளப் பூட்டுதல். அச்சு நட்டைக் கைந்நூல் கூறும் விசையளவுக்கு இறுக்குதல் வேண்டும். சிறிய வண்டிகளிலே அது 200 நியூற்றன் மீற்றரை அடுத்து அமைதல் உண்டு. ஒரு மீற்றர் நீளப் பிடியின் நுனியிலே 20 கிலோகிராம் பாரம் தொங்கினால் எழும் திருப்பு விசை ஏறத்தாழ அவ்வளவே. குறைந்தால் சில்லுப் பெயரிங் கெடும், மிகுந்தாலும் கெடும். நட்டைப் பூட்டும் பிளவாணியைப் புதிதாக இடுக. ஒழுகிய கியர் எண்ணெயை நிரப்புக. வண்டியை இறக்கி, ஸ்ரியறிங்கை இருபுறமும் முற்றத் திருப்பி மெல்ல ஓட்டிப் பார்க்க. சில நாட்களின் பின் மீண்டும் கீழே நோக்கி, கிறீஸ் கசிவில்லை எனக் கண்டு, சில்லு நட்டுகளையும் இறுக்கிப் பார்த்தால் வேலை நிறைவுறும்.

இடைக்கால வழி

அச்சைக் கழற்றாமலே பூட்டத்தக்க, இரு பாதியாய்ப் பிளந்த உறைகளும் விற்பனைக்கு உண்டு. அவற்றின் விளிம்புகளைப் பசையிட்டு ஒட்டுவர். விளிம்பிலே சிறிதளவு கிறீஸ் பட்டாலும் பசை பிடியாது. மேலும் மூட்டைப் பிரியாது ஒட்டுதலால் உட்புகுந்த மணல் உள்ளேயே தங்கும். தூரப் பயணத்திலே இடர்ப்பட்டவன் வீடு திரும்புவதற்கு அது போதும். முழுமையான உறைக்கு ஈடாகாது. பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய அச்சுகளை வாங்குவோரும் அவற்றின் உறையை மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தே வாங்குதல் வேண்டும். நாள்பட்ட இறப்பர் அலுமாரியிலே இருந்தபடியே வெடிக்கும்.

ஒரு நிமிட வேலை

இச்சிறு பொருளுக்கு இத்துணை விரிவு வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே, 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியையும் தாங்கி, ஓடியவை பழைய வண்டிகளே. அவ்வாறான வான் ஒன்று விடியலிலே தோட்டத்து மரக்கறியைத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும். அதன் பின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டு செல்லும். நள்ளிரவிலே நோயாளியை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் எடுத்துச் செல்லும். அது ஒரு நாள் நின்றால் ஒரு குடும்பத்தின் வருவாய் நிற்கும். பத்துப் பிள்ளைகளின் பாடம் நிற்கும். மூட்டினை வாங்கும் பணத்துக்கு அக்குடும்பம் கடன்பட நேரிடும். உறையை வாங்கும் பணத்துக்குப் பெரும்பாலும் கடன்பட வேண்டியதில்லை. காலத்திலே காணுதலுக்கும் காலங் கடந்து கேட்டலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே.

மாணவர்காள்! நும் தந்தையாரோ தமையனாரோ வான் வைத்திருப்பின், மாதம் ஒருமுறை அவரை வண்டியை நிறுத்தி ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முற்றத் திருப்பச் சொல்லுக. இயந்திரத்தை அணைத்து, கைப் பிறேக்கை இழுத்த பின், சில்லின் பின்னே விளக்கொன்றைப் பிடித்து உறையின் மடிப்புகளை நோக்குக. மறுபக்கத்துக்கும் அவ்வாறே செய்க. வெடிப்பு உண்டா? கரிய கிறீஸ் தெறித்துளதா? பட்டி இறுகியுளதா? இம்மூன்று வினாவுக்கும் விடை காண ஒரு நிமிடம் போதும். கருவி வேண்டாம், வண்டியை உயர்த்தவும் வேண்டாம். மூன்றுக்கும் நல்விடை கிடைப்பின் அடுத்த மாதம் வரை அஞ்சற்க. ஒன்றேனும் தீயதாயின், செவிக்கு ஓசை எட்டுமுன் உறையை மாற்றுவிக்க. எவருடைய வண்டியாயினும் அதனாற் காக்கப்படுவது உருக்கு மட்டுமன்று. அவ்வண்டியை நம்பி விடியலிலே படலையடியிற் காத்து நிற்போரின் ஒரு நாட்பொழுதும் ஆகும்.